அத்தைக்கு சுகர், வீடு முழுக்க கேக் வாசனை: டின்னை பூட்டி வைக்கிறது சரியா?

கேள்வி: மேடம், நாங்க பாளையங்கோட்டை. நான் ஸ்கூல் டீச்சர். என் மாமியாருக்கு 68 வயசு, சுகர் வந்து 11 வருஷம் ஆச்சு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. போன மாசம் எடுத்த ஹெச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரியை காட்டுற டெஸ்ட்) 8.4. டிசம்பர் வந்தா எங்க வீட்ல கேக், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கல்கல்னு மாசம் பூரா ஓடும், 25 வீட்டுக்காவது குடுப்போம். எல்லாமே அத்தை கைப்பக்குவம்தான். போன வருஷத்துல இருந்து, செய்யும்போதே எடுத்து சாப்பிடுறாங்கன்னு என் வீட்டுக்காரர் அவங்கள அடுப்படி பக்கம் வர வேணாம்னுட்டார். டின் எல்லாம் பீரோவுல வச்சு பூட்டுறோம், ஆனாலும் குறையுது. 9 வயசு பையன்கிட்ட ஆச்சி எடுத்தா வந்து சொல்லுன்னு சொல்லி வச்சிருக்கோம். போன வாரம் காரல் பாட்டு குழு வந்தப்போ எல்லார் முன்னாடியும் அத்தை தட்டுல இருந்த கேக்கை அவர் எடுத்துட்டார், அன்னைக்குல இருந்து அவங்க யார்கிட்டயும் சரியா பேசல. சுகர் ஃப்ரீ கேக் பண்ணலாமா, கருப்பட்டி போட்டு பண்ணலாமா, இல்ல இந்த வருஷம் எதுவுமே வேணாம்னு விட்டுடலாமா? இதுக்கு நடுவுல பையன் மாவு சட்டியை வழிச்சு நக்குறான், பழம் ரம்ல ஊறுது, அதையும் சொல்லுங்க.

பதில்:

அன்பு சகோதரிக்கு, உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். நீங்க கேட்டது ரெசிபி, ஆனா நான் முதல்ல பேச வேண்டியது பீரோ சாவியை பத்தி. ஒரு டயட்டீஷியனா எனக்கு ஒரு நோயாளி என்ன சாப்பிட்டாங்க, எவ்வளவு சாப்பிட்டாங்க, எப்போ சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா போதும், கேக்கா இருந்தாலும் கணக்கு பண்ணி வழி சொல்லிடலாம். ஒளிச்சு சாப்பிட்டதுக்கு மட்டும் கணக்கே கிடையாது. ராத்திரி 11 மணிக்கு எல்லாரும் தூங்கினப்புறம் இருட்டுல நின்னுக்கிட்டு அவசர அவசரமா வாயில போட்டது ஒரு பீஸா மூணு பீஸான்னு சாப்பிட்டவங்களுக்கே தெரியாது, மறுநாள் வெறும் வயித்துல சுகர் 210 காட்டினா டாக்டர் மாத்திரை பத்தலன்னு நினைச்சு டோஸை கூட்டுவார், கேக் தீர்ந்து போன ஜனவரியில அந்த கூட்டின டோஸே லோ சுகர்ல கொண்டு போய் விடும். அதனால பூட்டு போட்டதால உங்க அத்தையோட சுகர் குறையல, நம்ம கண்ணுக்கு தெரியாம போனதுதான் மிச்சம்.

அதனால முதல் வேலை, பூட்டை எடுத்துடுங்க. ரெண்டாவது, பையனை அந்த வேலையில இருந்து விடுவிச்சிடுங்க, இன்னைக்கே. அவன்கிட்ட "இனிமே ஆச்சி என்ன சாப்பிடுறாங்கன்னு நீ பாக்க வேணாம், அது பெரியவங்க வேலை"ன்னு ஆச்சி காதுல விழுற மாதிரியே சொல்லுங்க. 9 வயசு பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய பாரம்னு நமக்கு தெரியறதில்ல. சொன்னா ஆச்சிக்கு திட்டு விழும், சொல்லலன்னா ஆச்சிக்கு உடம்புக்கு ஏதாவது ஆனா என்னாலதானோன்னு பயம், ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டு நிக்கிறான். ஆச்சி பக்கம் இருந்து பாருங்க, தான் தூக்கி வளர்த்த பேரனே தன்னை நோட்டம் விடுறான்னு தெரிஞ்சா அவங்க மனசு என்ன பாடு படும். காரல் அன்னைக்கு தட்டுல இருந்து கேக்கை எடுத்ததை விட இதுதான் அவங்கள அதிகமா காயப்படுத்தியிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

சரி, உங்க கேள்விக்கு வரேன். சுகர் ஃப்ரீ கேக். நீங்க கடிதத்தோட அத்தையோட ரெசிபியையும் எழுதி அனுப்பினது ரொம்ப உதவியா இருந்தது: அரை கிலோ மைதா, கேரமலுக்கும் சேர்த்து அரை கிலோ சர்க்கரை, அரை கிலோ வெண்ணெய், 10 முட்டை, முக்கா கிலோ உலர்ந்த திராட்சை, பேரீச்சை, செர்ரி, அப்புறம் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு. வெந்து வந்தா சுமாரா ரெண்டரை கிலோ கேக். இதுல மாவுச்சத்து (சர்க்கரையும் இதுல சேர்த்தி) எங்க இருக்குன்னு பாருங்க. மைதாவுல சுமார் 375 கிராம், சர்க்கரையில 500, பழத்துல 560 கிட்ட. கேட்டா நிறைய பேர் நம்ப மாட்டாங்க, சர்க்கரையை விட பழத்துல இருந்துதான் அதிகமா வருது, ஏன்னா உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் முக்காவாசி மாவுச்சத்துதான், அதுலயும் பெரும்பங்கு சர்க்கரை. இந்த கணக்குப்படி 50 கிராம் பீஸ் ஒண்ணுல சுமார் 29 கிராம் மாவுச்சத்து, 200 கலோரிக்கு மேல கொஞ்சம். இப்போ சர்க்கரையை முழுசா எடுத்துட்டு சுகர் ஃப்ரீ பவுடர் போட்டோம்னு வைங்க, அதே 50 கிராம் பீஸ்ல 23 கிராம் வரும். குறைஞ்சது வெறும் 6 கிராம்! அதுக்காக கேக்கோட நிறம், ஈரம், ருசி எல்லாம் போயிடும், ஏன்னா சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்ல, கேக்கை மிருதுவா வச்சிருக்கிறதும் அதுதான், பிளம் கேக்குக்கு அந்த கருப்பு நிறத்தை குடுக்கிற கேரமல் சர்க்கரை இல்லாம வரவே வராது. இதை விட ஆபத்து, டின் மேல "சுகர் ஃப்ரீ"ன்னு எழுதியிருந்தா அவங்களும் மூணு பீஸ் சாப்பிடுவாங்க, நீங்களும் சாப்பிடுங்கன்னு விட்டுடுவீங்க. மூணு பீஸ்னா 69 கிராம். அந்த ஒரிஜினல் கேக்ல ஒரே ஒரு பீஸ் எவ்வளவோ தேவலாம்.

அப்படியும் கடையில சுகர் ஃப்ரீ பிஸ்கட் கேக்னு வாங்கினா பின்னாடி அச்சடிச்சிருக்கிறதை படிங்க. மால்டிட்டால்ங்கிற இனிப்புப் பொருள் போட்டிருந்தா அதுவும் ஓரளவு சுகரை ஏத்தும், நிறைய சாப்பிட்டா வயித்தையும் கலக்கும். அஸ்பார்டேம் போட்ட பவுடரை வாங்கி கேக்ல போட்டுடாதீங்க, அடுப்பு சூட்டுல அதோட இனிப்பு போயிடும்.

கருப்பட்டி விஷயம். நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் இதை சொன்னா எனக்கு அடிதான் விழும், இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்துல போய் சுகரை ஏத்துறதுல வெள்ளை சர்க்கரைக்கு பெரிய வித்தியாசம் இல்ல. கருப்பட்டியிலயும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான், கொஞ்சம் தாது உப்பு இருக்கு, ஆனா அந்த தாது உப்புக்காக சுகர் நோயாளி கருப்பட்டி சாப்பிட வேண்டிய அவசியம் இல்ல. ருசிக்காக கருப்பட்டி கேக் பண்றீங்களா, தாராளமா பண்ணுங்க, எனக்கும் பிடிக்கும். "இது ஆச்சிக்கு ஒண்ணும் செய்யாது"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இதே மாதிரிதான் முந்திரிக்கொத்தும், உள்ள இருக்கிற சிறுபயறு நல்லதுதான், ஆனா அதை உருட்ட வெல்லப்பாகு வேணும், மேல அரிசி மாவு, அப்புறம் எண்ணெயில போட்டு எடுக்கிறோம். அச்சு முறுக்கு லேசாத்தான் இனிக்கும்ங்கிறதால கணக்குலயே வராதுன்னு நிறைய வீட்ல நினைக்கிறாங்க. மாவும் சர்க்கரையும்தானே அது. டிவி பாத்துக்கிட்டே நாலு முறுக்கு உள்ள போனா கேக்குக்கு கிட்டயே வந்துடும்.

அப்போ அத்தை கேக் சாப்பிடலாமா? சாப்பிடலாம். எப்படின்னு சொல்றேன். 50 கிராம் பீஸ்ங்கிறது மாவுச்சத்து கணக்குல வீட்டு இட்லி ரெண்டுக்கு கிட்ட, இல்லன்னா வெந்த சோறு 100 கிராம், அதாவது ஒரு சின்ன கப். வீட்ல கிச்சன் தராசு இருக்கும்ல, கேக் பண்ற வீட்ல இல்லாம இருக்காது, ஒரே ஒரு தடவை அத்தையையே வெட்ட சொல்லி, அவங்களையே எடை பாக்க சொல்லுங்க. 50 கிராம்னா கண்ணுக்கு எவ்வளவுன்னு அவங்களுக்கே பிடிபட்டுடும், பிளம் கேக் கனமான கேக், நாம நினைக்கிறதை விட சின்ன பீஸாத்தான் இருக்கும். அந்த பீஸை மதிய சாப்பாட்டோட கடைசியில, எல்லாரும் உக்காந்திருக்கும்போது, தட்டுல வச்சு சாப்பிடட்டும். அன்னைக்கு சோத்துல அந்த ஒரு சின்ன கப் குறையட்டும். முதல்ல காய், தயிர் பச்சடி, கறியோ மீனோ முட்டையோ, அப்புறம் சோறு, அப்புறம் கேக், இந்த வரிசையில போனா சுகர் சட்டுனு ஏறாது. சாப்பிட்டு ஒரு 15 நிமிஷம் வீட்டுக்குள்ளயே, மாடியிலயே நடக்கட்டும். ரெண்டு மணி நேரம் கழிச்சு குளுக்கோமீட்டர்ல பாருங்க, 180க்குள்ள இருந்தா நிம்மதி. கேக்ல வெண்ணெய் அதிகங்கிறதால சில பேருக்கு லேட்டா ஏறும், முதல் தடவை மட்டும் நாலு மணி நேரம் கழிச்சும் ஒண்ணு பாத்துடுங்க. அந்த நம்பரை ஒரு நோட்டுல அவங்க கையாலயே எழுத சொல்லுங்க. தினமும் வேணாம், இந்த சீசன்ல வாரத்துக்கு ரெண்டு நாள், கிறிஸ்துமஸ், நியூ இயர் அன்னைக்கு கூட ஒண்ணுன்னு அவங்ககூட பேசி அவங்களே முடிவு பண்ணட்டும்.

இங்க ஒண்ணு ரொம்ப முக்கியம், தயவு செஞ்சு இதை உங்க வீட்டுக்காரருக்கும் வாசிச்சு காட்டுங்க. "கேக் சாப்பிட்டேன்ல, ராத்திரி சாப்பாடு வேணாம்"னு அத்தை சொன்னா விடாதீங்க. கிளிமிபிரைடு மாத்திரை நாம சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் கணையத்தை தட்டி இன்சுலினை சுரக்க வைக்கும். மாத்திரையை போட்டுட்டு சாப்பாட்டை விட்டா சுகர் சடார்னு இறங்கும். டிசம்பர்ல இது நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கு, காரல் வர லேட்டாகுதுன்னு ராத்திரி சாப்பாடு தள்ளிப்போகும், கிறிஸ்துமஸ் அன்னைக்கு இருட்டோட எழுந்து அதிகாலை ஆராதனைக்கு போயிட்டு, வந்தவங்களோட பேசிட்டு டிபன் சாப்பிட பத்து மணி ஆயிடும். கோயிலுக்கு கிளம்புற அவசரத்துல மாத்திரையை போட்டுட்டு போக விடாதீங்க, வந்து சாப்பிட உக்காரும்போது போட்டுக்கட்டும், இதை முன்கூட்டியே உங்க டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. கைநடுக்கம், வேர்வை, படபடப்பு, பேச்சு தடுமாறுதுன்னா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணியில கலந்து குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணுங்க, ஏறலன்னா இன்னொரு தடவை. மயங்கிட்டாங்கன்னா வாயில எதையும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க. பக்கத்துல கேக் இருக்குதேன்னு லோ சுகருக்கு கேக்கை குடுத்துடாதீங்க, அதுல இருக்கிற வெண்ணெய் சர்க்கரையை ரத்தத்துக்கு போக விடாம தாமதப்படுத்தும், அந்த நேரத்துக்கு வெறும் சர்க்கரைத் தண்ணிதான் மருந்து.

இப்போ பேக்கிங்கை விட்டுடலாமான்னு கேட்டீங்கள்ல. உங்க கடிதத்துல போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க, அத்தை இல்லாம போன வருஷம் நீங்க கேரமல் பண்ணப்போ ரெண்டு தடவை கசந்து போய் சர்க்கரையை கீழ கொட்டினீங்கன்னு. எனக்கு அந்த வரிதான் மனசுல நின்னுச்சு. சர்க்கரை உருகி, பொன்னிறம் தாண்டி, செங்கல் நிறம் தாண்டி, நுரை பொங்கி லேசா புகை கிளம்புற அந்த ஒரு நொடியில வெந்நீரை ஊத்தணும், முன்னாடி ஊத்தினா நிறம் வராது, பின்னாடி ஊத்தினா கசப்பு. அந்த நொடியை எந்த வீடியோ பாத்தும் கத்துக்க முடியாது, அது உங்க அத்தை கண்ணுல இருக்கு. அவ்வளவு தெரிஞ்ச ஒருத்தரை, இந்த வீட்டு கேக்னாலே அவங்கதான்னு தெரு முழுக்க பேர் வாங்கின ஒருத்தரை, டிசம்பர் மாசம் பூரா ரூம்ல உக்கார வச்சு வாசனையை மட்டும் அனுப்பினா, அவங்க ராத்திரி டின்னை தேடாம வேற என்ன பண்ணுவாங்க? அவங்க தேடுறது கேக் மட்டும்தானாங்கிறது எனக்கு சந்தேகம்.

அதனால விடாதீங்க, அவங்கள திரும்ப கூப்பிடுங்க. ஆனா கொஞ்சம் பாதுகாப்பா. கேரமலோட சூடு 190 டிகிரிக்கு மேலயும் போகும், தண்ணி ஊத்தும்போது தெறிக்கும். 11 வருஷம் சுகர் இருக்கிறவங்களுக்கு கை, கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், சூடு பட்டதே தெரியாம புண்ணாயிடும், அந்த புண் ஆறவும் லேட்டாகும். அதனால அடுப்புல நின்னு கிண்டுறது நீங்க, பக்கத்துல சேர் போட்டு உக்காந்து "இப்போ ஊத்து"ன்னு சொல்றது அவங்க. காலுக்கு வீட்டுக்குள்ளயும் செருப்பு. சூடான ட்ரேயை அவங்க தூக்க வேணாம். பழம் நறுக்க, முந்திரி உடைக்க, பாக்கெட் போட, எந்த வீட்டுக்கு எவ்வளவுன்னு லிஸ்ட் போட அவங்களை விட்டா ஆள் இல்ல. வேலை செய்யும்போது ருசி பாக்காம இருக்க முடியாது, பாக்கட்டும், பச்சை மாவு மட்டும் வேணாம், ஆனா சாப்பிட்டு முடிச்ச அப்புறம் வேலையை ஆரம்பிங்க, பசியோட மாவு பிசைய உக்காந்தா யாரா இருந்தாலும் கை வாய்க்குத்தான் போகும்.

25 வீடுங்கிறது எனக்கு அதிகமா படுது, அதையும் சொல்லிடறேன். அரையாண்டு பரீட்சை பேப்பர் திருத்திக்கிட்டே நாலு பலகாரம் பண்றது மனுஷியால ஆகுற காரியமா? நமக்கு தீபாவளிக்கு அதிரசமும் பெருநாளைக்கு பிரியாணியும் குடுத்து விடுற வீடுகளுக்கு திருப்பி குடுக்காம இருக்க முடியாதுதான், அது நம்ம ஊர் மரியாதை. ஆனா நாலு ஐட்டமும் போகணும்னு யாரும் எதிர்பாக்கல. கேக்கும் அச்சு முறுக்கும் போதும்னு வச்சுக்கோங்க, முந்திரிக்கொத்தும் கல்கல்லும் வீட்டுக்கு மட்டும் ஒரு நாள் செய்ங்க. கேக் மாவை கலந்து பக்கத்து பேக்கரி அடுப்புல குடுத்து சுட்டு வாங்குறது இன்னமும் நம்ம பக்கம் நடக்குது, வீட்டு சின்ன ஓவன்ல ஒவ்வொரு கிலோவா சுட்டுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிக்கிறதை விட அது மேல். இன்னொண்ணு, சுட்டது அன்னன்னைக்கே வீட்டை விட்டு போயிடணும். 23ஆம் தேதி வரைக்கும் டின் டின்னா அடுக்கி வச்சிருந்தா அத்தைக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் அது நல்லதில்ல. அவருக்கு 45 ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க, அம்மாவுக்கு சுகர் இருக்கு, அவரும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கட்டும். அம்மா தட்டுல இருந்து கேக்கை எடுத்ததுக்கு பின்னாடி பயம்தான் இருக்கும், அது புரியுது. அந்த பயத்தை தனியா அம்மாகிட்ட உக்காந்து சொல்லட்டும், எல்லார் முன்னாடியும் பண்ணதுக்கு மன்னிப்பும் கேக்கட்டும். நீங்க நடுவுல தூது போக வேணாம்.

பையன் மாவு நக்குறது: வேணாம். பச்சை முட்டையில சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்னு பல பேருக்கு தெரியும், வேகாத மைதாவுலயும் கிருமி இருக்கலாம்ங்கிறது தெரியாது. அதனால முட்டை இல்லாத கேக்னாலும் பச்சை மாவு வேணாம். வயசானவங்களுக்கும் இதே கதைதான், அத்தையும் வழிக்க வேணாம். சட்டியை தண்ணி ஊத்தி ஊற வச்சுடுங்க, அவனுக்கு தனியா ஒரு குட்டி டின்ல அவன் பேர்ல ஒரு கப் கேக் சுட்டு குடுங்க, மறந்துடுவான்.

ரம்: ஓவன்ல வெந்தா ஆல்கஹால் எல்லாம் ஆவியா போயிடும்னு சொல்றது முழுசா சரி இல்ல. ஒரு மணி நேரம் வெந்த பிறகும் சுமார் கால்வாசி தங்கும்னுதான் அமெரிக்க வேளாண்மைத் துறையோட அட்டவணை சொல்லுது, சுட்டப்புறம் மேல பிராந்தி தெளிச்சா அது அப்படியே இருக்கும். ஒரு பீஸ்ல வர்ற அளவு கொஞ்சம்தான், ஆனா பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிங்களுக்கும், இதை தொடாத வீடுகளுக்கும் குடுக்கும்போது அவங்களுக்கு தெரியாம குடுக்கிறது முறையில்ல. இன்னொரு பாட்டில்ல ஆரஞ்சு ஜூஸ்லயோ திராட்சை ஜூஸ்லயோ ஊற வச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க, ரெண்டு மூணு நாள் போதும், ரம் மாதிரி வாரக்கணக்குல வெளிய வச்சா புளிச்சு பூஞ்சை பிடிச்சுடும்.

ஹெச்பிஏ1சி 8.4ங்கிறது மூணு மாசத்தோட சராசரி. அதுல இந்த வருஷ கேக்குக்கு எந்த பங்கும் இல்ல, செப்டம்பர், அக்டோபர்ல தினமும் என்ன நடந்துச்சோ அதுதான் அது. காலையில எத்தனை இட்லி, சாயந்திரம் டீயில எத்தனை ஸ்பூன் சர்க்கரை, கூட எத்தனை பிஸ்கட், நடக்கிறாங்களா, மாத்திரை விட்டுப்போகுதா, இதெல்லாம் ஒரு வாரம் நோட்டுல எழுதி வைங்க. கிட்னி டெஸ்ட், கிரியாட்டினின் கடைசியா எப்போ பாத்தீங்கன்னு நீங்க எழுதல, அதையும் பாத்துடுங்க, அதுல கோளாறு இருந்தா உலர்ந்த பழத்துல இருக்கிற பொட்டாசியத்தால நான் சொன்ன கேக் கணக்கு மாறும். மாத்திரையை நீங்களா கூட்டவோ குறைக்கவோ வேணாம். பிப்ரவரியில அடுத்த ஹெச்பிஏ1சி எடுத்துட்டு, அந்த நோட்டையும் சேர்த்து அத்தையையே எனக்கு எழுத சொல்லுங்க, அவங்களுக்கே பதில் போடறேன்.